மகாராணியார் உபகாரச் சம்பளம்

மாணவர்களே, உபகாரச் சம்பளப் பாரம் நிரப்பும்போது இந்தப் பழைய கதையும் தெரிஞ்சிருக்கட்டும்.

1885-இல் சிசில் கிளமெண்டி ஸ்மித்தின் முயற்சியால், சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் மகாராணியார் உபகாரச் சம்பளம் உருவானது. ஆண்டுக்கு இரண்டே பேர். தேர்வில் முந்தினால் பிரிட்டனில் படிப்பு. 1887-இல் வென்ற லிம் பூன் கெங் எடின்பரோவில் மருத்துவம் படித்துத் திரும்பினார். 1899-இல் சிங்கப்பூர்ச் சீனப் பெண்கள் பள்ளி தொடங்கவும் துணைநின்றார். ஒருவருக்குக் கொடுத்த பணம் எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது பாருங்க!

ஆனால், ரெண்டு கெட்டிக்காரப் பிள்ளைகளுக்காகவே பள்ளி நடக்குது என்ற குறையும் எழுந்தது. 1911 வாக்கில் நிறுத்திவிட்டு, 1920-களில் மறுபடி கொடுத்தாங்க.

கட்டுரையில் இதையும் எழுதுங்க: தேர்வு ஆங்கிலத்தில். தோட்டத் தமிழ்ப்பள்ளிகளோ தொடக்கக் கல்வியோடு நின்றன. அங்கே படித்த பிள்ளை விண்ணப்பிக்கவே வழியில்லை.