நீர் விளைச்சல் தந்தது, பாதை விலை தந்தது



ஜூபிலி ஆண்டில் ஒரு குடும்பம் தன் பழைய கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. நம் பகுதியின் கணக்கைப் புரட்டினால் முதல் வரவாகத் தண்ணீரைத்தான் எழுதுவோம். 1895-ல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியது. 1959-ல் நம் வைகை அணை எழுந்து, அந்த நீரையும் வைகையின் நீரையும் தேக்கிக் கீழ்நாட்டுக்கு அனுப்பத் தொடங்கியது. பென்னிகுயிக் துரையின் பெயரை நம் மக்கள் பிள்ளைகளுக்கு இட்டு மகிழ்கின்றனர். ஆனால் அதே கணக்கில் மற்றொரு வரவும் உண்டு. அதுதான் பாதை.

களத்தில் கிடக்கும் விளைச்சல் வயிற்றுக்கு உதவும். சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் கடனை அடைக்கும். 1875-ல் இரயில் மதுரை வரை வந்தபோது நம்மவருக்கு அருகிலிருந்த நிலையம் அம்மையநாயக்கனூர், அதாவது இன்றைய கொடைக்கானல் ரோடு. கம்பத்திலிருந்து அங்கு போக மாட்டு வண்டியில் பல நாட்கள் ஆகும். ஆகவே வண்டிக் கூலியைத் தாங்கக்கூடிய சரக்கே வெளியூர் போயிற்று. எடை குறைவாகவும் விலை அதிகமாகவும் உள்ள ஏலம், காப்பி, தேயிலை ஆகியவை போயின. வாழைக்கும் காய்கறிக்கும் உள்ளூர்ச் சந்தையே எல்லை.

மலைமேல் இருந்த தோட்டக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். 1902-ல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் இட்டு மாடுகளைக் கட்டி இழுத்தனர். 1908-ல் அது சிறு இரயில் பாதையாயிற்று. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவட வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியில் போடிக்கு வந்தன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இரயிலை அழித்தது. அது மீண்டும் எழவே இல்லை.

1928-ல் மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடி வரை இரயில் வந்தது. மலைச் சரக்கு இனி அம்மையநாயக்கனூருக்குப் போய்க் காத்திருக்க வேண்டியதில்லை. போடி ஏலக்காய் வணிகத்தின் பெரிய மையமாக வளர்ந்ததில் இந்தப் பாதைக்கும் பங்கு உண்டு. ஆனால் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942-ல், தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துச் சென்றனர். 1950-களில்தான் அவை மீண்டும் போடப்பட்டன. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010-ஆம் ஆண்டு முடிவில் இரயில் மறுபடியும் நின்றது. தேனிக்கு 2022 மே மாதத்திலும் போடிக்கு 2023 ஜூன் மாதத்திலும் அது திரும்பி வந்தது. இரயில் கட்டணத்துக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏழை வீடுகள் நன்றாக அறிந்தன.

இதற்கிடையே சாலையும் லாரியும் வேறொரு மாற்றத்தைச் செய்தன. அழுகும் பொருளும் தொலைதூரச் சந்தையைக் கண்டது. மாலையில் அறுத்த வாழைத்தாரும் கூடையில் அடுக்கிய திராட்சையும் குமுளி ஏறிக் கேரளத்துக்குப் போகின்றன. பிரெஞ்சுக் குரு ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பன்னீர்த் திராட்சை, 2023-ல் கம்பத்தின் பெயரால் புவிசார் குறியீடு பெற்றது. நீர் மட்டும் இருந்து சாலை இல்லாதிருந்தால், இத்தனை திராட்சைப் பந்தல்களை யார் போட்டிருப்பார்கள்?

இந்தக் கணக்கில் செலவுப் பக்கமும் உண்டு. பாதை சரக்கை மட்டுமா சுமக்கிறது? போடியிலும் கம்பத்திலும் கூடலூரிலும் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் நிறைந்துவிடுகின்றன. ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்து மலைச் சாலையில் ஏறுகின்றனர். விபத்துச் செய்தி வரும்போதுதான் நாம் அவர்களை நினைக்கிறோம். ஏலக்காய் மூட்டைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, அதைப் பறித்த கைகளுக்கும் கிடைக்க வேண்டாமா?

ஆகவே இந்த ஜூபிலி ஆண்டில் நாம் இரண்டு காரியங்களைக் கேட்கிறோம். சிறு விவசாயிகள் தனித்தனியே லாரி வாடகைக்கு அலையாமல், ஊருக்கு ஒரு குழுவாகச் சேர்ந்து சரக்கேற்றுங்கள். ஜீப்பில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றுவதை ஓட்டுகிறவரும், அனுப்புகிறவரும், ஏறுகிறவரும் சேர்ந்து மறுத்துவிடுங்கள். பாதை தந்த விலையில் உழைத்தவருக்கும் பங்கு சேரட்டும். காலையில் மலை ஏறியவர்கள் எல்லாரும் மாலையில் நலமாக வீடு திரும்பட்டும்.

உங்கள் பங்குத் தந்தை