உயிருக்கு விலை போட மறுத்த நாடு

போன செமஸ்டரில் செலவு-பயன் ஆய்வு என்று ஒரு பாடம். மேம்பாலம் கட்டலாமா வேண்டாமா என்று பார்க்க, ஒரு பக்கம் செலவு, மறுபக்கம் பயன். பயன் பக்கத்தில் 'தவிர்க்கப்படும் மரணங்கள்' என்று ஒரு வரி. அதற்கும் ரூபாயில் ஒரு தொகை போட வேண்டும்.

அந்த வாரம்தான் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் பால் வாங்கப் போய், சாலையைக் கடக்கும்போது லாரி மோதி இறந்திருந்தார். "பார்த்துப் போயிருக்கலாம்" என்றார்கள் எல்லோரும். நானும்தான் சொன்னேன். ஆனால் அந்தத் தொகையை எழுதும்போது கை தயங்கியது. இப்படிக் கணக்குப் போடுவதே தப்பு என்று ஒரு நாடு சொல்லியிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. அதுதான் ஸ்வீடன்.

கதை 1967-இல் தொடங்குகிறது. அதுவரை ஸ்வீடனிலும் நம்மைப் போல இடப்பக்கம்தான் வண்டி ஓட்டினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி விடியற்காலையில் நாடு முழுவதும் வலப்பக்கம் மாறியது. குழப்பத்தில் விபத்து கூடும் என்று பயந்தார்கள், நடந்தது நேர்மாறு. எல்லோரும் பயந்து பயந்து ஓட்டியதால் மரணங்கள் குறைந்தன. ஆனால் இரண்டே ஆண்டுகளில் பழக்கம் வந்துவிட, எண்ணிக்கை பழையபடி ஏறிவிட்டது. மனிதனின் ஜாக்கிரதையை மட்டும் நம்பினால் இதுதான் கதி.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1997 அக்டோபரில், ஸ்வீடன் நாடாளுமன்றம் 'விஷன் ஜீரோ' கொள்கையை ஏற்றது. சாலையில் யாரும் சாகவோ பலத்த காயம் அடையவோ கூடாது என்பதுதான் நீண்டகால இலக்கு. இதன் மூளை, அப்போது சாலைத் துறையில் பாதுகாப்பு இயக்குநராக இருந்த கிளேஸ் டிங்வால். மனிதன் தவறு செய்யத்தான் செய்வான், அந்தத் தவறுக்குத் தண்டனை மரணமாக இருக்கக் கூடாது என்பது அடிப்படை. ஓட்டுபவருக்குப் பொறுப்பு உண்டு. ஆனால் சாலையை வடிவமைத்தவருக்கும் உண்டு.

அதனால் மனித உடல் எவ்வளவு அடி தாங்கும் என்பதிலிருந்து ஆரம்பித்தார்கள். பாதசாரியும் வண்டியும் கலக்கும் இடத்தில் மணிக்கு 30 கி.மீ. கார்கள் பக்கவாட்டில் மோதக்கூடிய சந்திப்புகளில் 50. நேருக்கு நேர் மோதக்கூடிய சாலையில் 70. அதற்கு மேல் வேகம் வேண்டுமானால் நடுவே தடுப்பு வை. சிக்னல் சந்திப்புகள் பல ரவுண்டானாக்கள் ஆயின.

எனக்கு ரொம்பப் பிடித்தது '2+1' சாலை. ஸ்வீடனில் 13 மீட்டர் அகல நெடுஞ்சாலைகள் நிறைய. முந்தப் போய் எதிர் வண்டியில் மோதிச் சாவது அங்கே வழக்கம். அகலப்படுத்தப் பணம் அதிகம் ஆகும். ஆகவே இருந்த அகலத்தையே மூன்று தடமாகப் பிரித்து, நடுத்தடத்தைச் சில கிலோமீட்டருக்கு ஒருமுறை இரு திசைக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்து, இடையில் எஃகு வடத் தடுப்பு கட்டினார்கள். 1998-இல் யேவ்லே நகருக்கு அருகே முதல் சோதனை. வண்டிகள் வடத்தில் அடிக்கடி மோதின. பழுது செலவு வந்தது. ஆனால் இப்படி மாற்றிய சாலைகளில் மரணங்கள் நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்தன. விலை போட மறுத்தவர்கள்தான் மலிவான வழியைக் கண்டுபிடித்தார்கள் என்பது வணிகவியல் மாணவனுக்கு வேடிக்கைதான்!

எல்லாம் நினைத்தபடி நடக்கவில்லை. 1997-இல் 541 பேர் இறந்தார்கள். பத்தே ஆண்டில் பாதியாக்குவோம் என்றார்கள். 2007-இல் 471 பேர். இலக்கு தவறியது. ஆனாலும் விடவில்லை. 2010-இல் 266, 2019-இல் 221. பூஜ்யம் இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்து நாடான நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவில் 2019 முழுவதும் பாதசாரி ஒருவரோ சைக்கிளில் போனவர் ஒருவரோ சாகவில்லை. அதனால் அது வெறும் கனவில்லை.

அந்தப் பெரியவர் பார்த்துப் போனாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஜனங்கள் நடக்கும் இடத்தில் லாரி அவ்வளவு வேகமாக வர அந்தச் சாலை ஏன் இடம் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இனிமேல் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. உங்களுக்கு?