வயிற்றுக்கு ஒரு நூல், உறக்கத்துக்கு ஒரு நூல்

மறைமலை நகருக்குப் பெயர் தந்த மறைமலை அடிகள் சாப்பாட்டைப் பற்றி ஒரு நூலும் உறக்கத்தைப் பற்றி ஒரு நூலும் எழுதியிருக்கிறார் என்று சொன்னால், இங்கே ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. தனித்தமிழ் என்ற ஒன்றைத் தவிர அடிகளைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. 'பொருந்தும் உணவும் பொருந்தா உணவும்' 1921-ல் வந்தது. 'யோகநித்திரை அல்லது அறிதுயில்' 1922-ல். இன்று ஹிப்னாட்டிசம் என்கிறோமே, அதுதான் இரண்டாவது நூலின் பொருள். பிறகு 1933-ல் 'மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை' இரண்டு தொகுதிகளாக வந்தது.

நான் தமிழ் படித்தவள் அல்ல. இந்த ஊரில் ஓர் ஆலையின் மருத்துவ அறையில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் அரசு கேன்டீன் வைக்கச் சொல்லலாம் என்றது; 500 பேரைத் தாண்டினால் மருத்துவ அறை வேண்டும் என்றது. எங்கள் ஆலையில் இரண்டும் எதிரெதிரே இருந்தன. கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு நேரே என்னிடம் வருவார்கள். "சிஸ்டர், கேஸ் மாத்திரை ஒண்ணு குடுங்க." சி ஷிப்டில் இதைக் கேட்காத இரவே கிடையாது.

அடிகளுக்குச் சாப்பாட்டிலும் உறக்கத்திலும் இந்த அக்கறை எங்கிருந்து வந்தது? 1876-ல் நாகப்பட்டினத்தில் வேதாசலமாகப் பிறந்தவர். தகப்பனார் மருத்துவத் தொழில் பார்த்தவர். மகன் சிறுவனாக இருக்கும்போதே போய்விட்டார். 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை. பிறகு பல்லாவரத்தில் வீடு, துறவுக்கோலம், ஆங்கில நூல்களை வாங்கிக் குவித்த நூலகம். அந்தப் பல்லாவரத்தைத் தாண்டிச் செங்கல்பட்டுக்குப் போகும் அதே தண்டவாளத்தின் ஓரத்தில்தான், சென்னை நெரிசலைக் குறைக்கவென்று 1980-ல் பெருநகர வளர்ச்சிக் குழுமம் இந்தப் புதுநகரத்தை உருவாக்கி அவர் பெயரை வைத்தது.

ஒரு சைவப் புலவர் ஹிப்னாட்டிசம் என்ற வசியத்தைப் பற்றி எழுதியது அன்றைக்கு அவ்வளவு விசித்திரம் இல்லை. ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற வெள்ளைக்கார டாக்டர் 1845-லேயே வங்காளத்து ஹூக்ளியில் நோயாளிகளை வசியத் தூக்கத்தில் ஆழ்த்திப் பெரிய கட்டிகளை அறுத்தெடுத்திருக்கிறார். குளோரோஃபார்ம் வருவதற்கு முந்தைய காலம். பிரான்சில் எமீல் கூயே என்ற மருந்துக்கடைக்காரர், மருந்தை நாலு நல்ல வார்த்தை சொல்லிக் கொடுத்தால் அது கூடுதலாகக் கேட்கிறது என்று கண்டுகொண்டு, அதையே ஒரு வைத்தியமாக வளர்த்தார்; 1920களில் அவர் பெயர் உலகமெங்கும் ஓடியது. அறிதுயில் வெளியான அதே 1922-ல் கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். நனவுக்கு அடியில் இன்னொரு மனம் வேலை செய்கிறது என்ற பேச்சு ஊரெல்லாம் அடிபட்ட நேரம் அது. அடிகள் தமிழில் அதைப் பேசினார். 1927-ல் மனித வசியம் பற்றியும் 1935-ல் தொலைவில் உணர்தல் பற்றியும்கூட நூல் போட்டார். கடைசியாகச் சொன்னதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கூயே கண்டதை நானும் கண்டிருக்கிறேன். ஒரே மாத்திரைதான். தலைநிமிராமல் ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டே நீட்டினால் அரை மணியில் திரும்பி வருவார்கள். உட்காரவைத்து, நாடி பிடித்து, "ஒண்ணுமில்லப்பா, இது உடனே கேக்கும்" என்று சொல்லிக் கொடுத்தால் வரமாட்டார்கள். டிரெய்னிப் பையன்களைப் பணி நிரந்தரம் செய்வதற்கான நேர்காணல் நடக்கும் வாரத்தில் வயிற்றுவலிக்காரர்கள் கூடுவார்கள். நடிப்பு என்று சூப்பர்வைசர் சொல்வார். நடிப்பில்லை, வயிறு உண்மையாகவே கல்லாக இருக்கும். தொட்டுப் பார்த்தவள் சொல்கிறேன்.

ஆனால் மனம்தான் எல்லாம் என்று சொல்பவர்களைக் கண்டாலும் எனக்குப் பயம். நாங்கள் படித்தபோது அல்சர் என்றால் கவலை, காரம், காபி என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். எத்தனை பேரிடம் "டென்ஷனைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பியிருப்போம்! ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும், பெரும்பாலான அல்சருக்குக் காரணம் இரைப்பையில் குடியிருக்கும் ஒரு கிருமி என்று 1980களில் காட்டினார்கள். 2005-ல் அவர்களுக்கு நோபல் பரிசு. கவலைக்கு வைத்தியம் பார்த்த வயிற்றுக்குத் தேவைப்பட்டது ஆன்டிபயாடிக்.

உணவு நூலுக்கு வருகிறேன். அது வெளியான 1921-லேயே, குன்னூரில் ஆராய்ச்சி செய்த ராபர்ட் மக்கரிசன் ஊட்டக்குறை நோய்களைப் பற்றிய தம் பெரிய நூலை வெளியிட்டார். பின்னர் இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடுவதை எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். முழுக்கோதுமை, பால், வெண்ணெய், காய், எப்போதாவது இறைச்சி என்ற சீக்கியர் சாப்பாட்டில் எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. கடைசி இடம் சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாட்டுக்கு. தவிடு போகத் தீட்டிய பச்சரிசியைத் தின்ற வடசர்க்கார் மாவட்டங்களில் அன்று பெரிபெரி ஊன்றியிருந்தது. புழுங்கலரிசிச் சோறு அந்த நோயிலிருந்து நம்மவர்களைப் பெரிதும் காப்பாற்றியது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்ற வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடும். நம் பாட்டிமார் இதற்கு எலி வளர்க்கவில்லை.

அடிகளோடு எனக்குச் சண்டை வருவதும் இங்கேதான். அவருக்குப் பொருந்தா உணவு என்றால் முதலில் புலால். அருளும் சைவமும் அவருக்கு ஒன்று. அதோடு நின்றிருந்தால் ஒருவருடைய நோன்பு என்று விட்டுவிடலாம். ஆனால் 1923-ல் எழுதிய 'வேளாளர் நாகரிக'த்தில் கொல்லாமையே ஒரு சாதியின் உயர்வுக்குச் சான்றாகிவிடுகிறது. அப்போது மீனும் கருவாடும் தின்று உழைத்தவர்கள் எங்கே போய் நிற்பது? நான் பார்த்த தொழிலாளிகளில் ரத்தம் குறைந்து வெளுத்திருந்த பெண்பிள்ளைகளை முட்டையும் ஈரலும் சாப்பிடச் சொன்னவள் நான். இனியும் சொல்வேன்.

இருந்தாலும், குன்னூர்க்காரர் எலியின் எடையைப் பார்த்தார், கல்கத்தாக்காரர் கனவைப் பார்த்தார். பல்லாவரத்துக்காரர் ஒருவர்தான் தட்டையும் தலையணையையும் ஒரே மேசையில் வைத்து யோசித்தார். ஆலையில் இருந்தவளுக்கு அதன் அருமை தெரியும். இரவு இரண்டு மணிக்கு வயிறும் தூங்கப் பார்க்கும்; அப்போது பரோட்டாவும் சால்னாவும் போட்டால் செரிக்காது. செரிக்காததால் பகலில் தூக்கம் வராது. தூக்கம் கெட்டவனுக்கு அடுத்த நாள் எண்ணெயும் இனிப்பும்தான் கேட்கும். இதில் எது உணவு நோய், எது மன நோய் என்று ரிஜிஸ்டரில் பிரித்து எழுத எனக்குக் கட்டம் இருந்ததில்லை.

2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஆலை ஒன்றின் பெண் தொழிலாளிகள் தங்கியிருந்த பூந்தமல்லி விடுதியில் சாப்பாடு கெட்டுப்போய் 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அறைத்தோழிகளைப் பற்றி விவரம் தெரியாததால், சிலர் செத்துவிட்டார்கள் என்ற செய்தி பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் இறங்கி உட்கார்ந்தார்கள். யாரும் சாகவில்லை என்று தெரிந்த பிறகு அதை வதந்தி, பீதி என்று பேசியவர்கள் உண்டு. அந்தச் சோற்றையும், விவரம் சொல்லாத அந்த மௌனத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்ததால் வந்த பேச்சு அது.

நூறாண்டு என்று தலைப்பிட்டவர் 1950 செப்டம்பரில், 74 வயதில் காலமானார். இதைச் சொல்லிச் சிரிப்பவர்களுக்கு ஒரு கணக்கு: அந்தக் காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் நாற்பதைக்கூடத் தொடவில்லை.

அவர் நூலை வைத்துக்கொண்டு நான் செய்தது ஒன்றே ஒன்று. கேன்டீனை நடத்த தொழிலாளர் பிரதிநிதிகளோடு ஒரு குழு இருக்க விதி இருந்தது. அதில் பேசி, சி ஷிப்ட் சாப்பாட்டைப் பன்னிரண்டு மணிக்கு முன்னால் கொண்டுவரவும், பிறகு பசித்தால் மோர் ஊற்றிய கஞ்சி வைக்கவும் சம்மதிக்கவைத்தேன். முதல் வாரம் கஞ்சி அப்படியே மிஞ்சியது. பெயர்ப்பலகையில் கஞ்சி என்றிருந்ததை எடுத்துவிட்டு 'மோர்ச்சோறு, ஊறுகாய்' என்று எழுதச் சொன்னேன். பாத்திரம் காலியாக ஆரம்பித்தது. முட்டையை மட்டும் நான் எடுக்கவிடவில்லை.