பிளாட்டினத்தைச் சிக்கனமாக்கிய மை

ஹைட்ரஜன் எரிபொருள் மின்கலம் நேற்று முளைத்த கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கின்றனர். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேரும்போது மின்சாரம் எடுக்கலாம் என்று வேல்ஸ் நாட்டவரான வில்லியம் குரோவ் 1839-ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார். அப்படியானால் அது காருக்குள் வர ஏன் இத்தனை காலம் பிடித்தது? தத்துவத்தில் குறையில்லை. செய்யும் முறையில்தான் சிக்கல்.

1955-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தாமஸ் குரப், மின்கலத்தின் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் சவ்வைப் பயன்படுத்தினார். சக விஞ்ஞானி லியோனார்ட் நீட்ராக் அதன்மேல் பிளாட்டினத்தைப் படிய வைத்தார். 1965-இல் அந்த வகை மின்கலம் ஜெமினி 5 விண்கலத்தில் பறந்தது. விண்வெளிப் பயணத்தில் விலையைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்!

கார் வாங்குபவர் கேட்பார். அக்கால மின்முனையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4 மில்லிகிராம் பிளாட்டினம் தேவைப்பட்டது. 250 சதுர சென்டிமீட்டர் மின்முனைக்கு 1 கிராம். ஒரு காருக்கு 300 கலங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு மின்முனைகள் என்று வைத்துக்கொண்டால் 600 கிராம். நகைக் கடையையே காருக்குள் வைப்பது போலத்தான்.

நேயர்கள் கவனிக்க வேண்டியது, அதில் பெரும்பகுதி வேலையே செய்யவில்லை என்பதை. வாயு, பிளாட்டினம், சவ்வுப் பொருள் மூன்றும் தொடும் இடத்தில் மட்டுமே மின்சாரம் பிறக்கும். சவ்வைத் தொடாத துகள்கள் சும்மா கிடந்தன.

அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் இதற்கு வழி பிறந்தது. 1980-களில் இயன் ரைஸ்ட்ரிக், நாஃபியான் என்ற சவ்வுப் பொருளைக் கரைத்து மின்முனைக்குள் ஊற வைத்தார். தேவை 0.4 மில்லிகிராமாக இறங்கியது. 1992-இல் மாலன் வில்சனும் ஷிம்ஷோன் காட்டஸ்ஃபெல்டும் இன்னும் ஒரு படி சென்றனர். பிளாட்டினம் ஏற்றிய கரித்தூளை நாஃபியான் கரைசலில் மை போலக் கலக்கி, டெஃப்லான் தாளில் பூசிக் காய வைத்து, சவ்வின்மேல் சூடாக அழுத்தி, தாளை உரித்தெடுத்தனர். டி-சட்டையில் படம் ஒட்டுவதும் ஏறக்குறைய இப்படித்தான்! 0.12 மில்லிகிராமே போதுமானதாயிற்று. மேலே சொன்ன 600 கிராம், அதே கணக்கில் 18 கிராம்.

மை என்றால் இயந்திரத்தால் பூசலாம், சுருள் சுருளாகத் தயாரிக்கலாம். கலங்களைப் பிரிக்கும் தகடுகளும் மாறின. முன்பு கிராஃபைட்டில் வரி வரியாகப் பள்ளம் செதுக்குவார்கள். அது பொறுமையைச் சோதிக்கும் வேலை. 2014 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டோயோட்டா மிராய் காரில் டைட்டேனியத் தகடுகள் இடம்பெற்றன. அதில் 370 கலங்கள் இருந்தன. 2020-இல் வந்த இரண்டாம் தலைமுறை மிராயில் 330.