கருங்கரடி வேட்டையில் கைத்துப்பாக்கித் தோட்டா: ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

அமெரிக்காவின் பல மாநிலங்களில் கருங்கரடியைக் கைத்துப்பாக்கியால் வேட்டையாடச் சட்டம் இடம் தருகிறது. எந்த அளவுத் தோட்டா இதற்குப் பொருந்தும் என்ற கேள்விக்குக் கடந்த நூறாண்டுகளில் விடைகள் மாறிக்கொண்டே வந்துள்ளன. தோட்டாவின் ஆற்றல் படிப்படியாக ஏறிய வரலாறாகவே இதைப் பலரும் எழுதுகிறார்கள். ஆனால் குண்டின் எடையும் வடிவமும் உரிய வேகத்தோடு சேர்ந்த 1955-ஆம் ஆண்டிலேயே இக்கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்பதே இக்கட்டுரையின் முடிபு.

கரடியின் உடலமைப்பு

வளர்ந்த ஆண் கருங்கரடி பெரும்பாலும் 60 முதல் 250 கிலோ வரை எடை கொண்டது. இலையுதிர் காலத்தில் அதன் தோலுக்கடியில் கொழுப்பு தடித்துப் படிகிறது. சிறிய குண்டு துளைத்த காயத்தை அந்தக் கொழுப்பே அடைத்துவிடும். கசியும் சிறிதளவு இரத்தத்தையும் அடர்ந்த மயிர் உறிஞ்சிக்கொள்ளும். தரையில் இரத்தத் தடம் விழாததால், அடிபட்ட கரடி புதருக்குள் போய்விட்டால் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. குண்டு நெஞ்சுக்கூட்டைக் கடந்து மறுபக்கம் வெளியேறினால்தான் தடம் கிடைக்கும். விலங்கும் நெடுநேரம் துன்புறாது.

ரைபிள் குண்டு தன் வேகத்தால் சுற்றியுள்ள தசையையும் சிதைக்கும். கைத்துப்பாக்கிக் குண்டுக்கு அத்தகைய வேகம் இல்லை. தான் போகும் வழியில் வெட்டும் துளையால் மட்டுமே அது கொல்கிறது. ஆகவே அகலமும் ஆழமும் உள்ள துளையே தேவை.

கறுப்பு வெடிமருந்துக் காலம்

1847-இல் வந்த கோல்ட் வாக்கர் .44 ரிவால்வர் ஏறத்தாழ 2 கிலோ எடை கொண்டது. குதிரைவீரர்களுக்காக உருவான அதை இடுப்பில் செருகுவதைவிடச் சேணத்தில் தொங்கவிடுவதே எளிது. 1873-இல் அமெரிக்கப் படை ஏற்ற .45 கோல்ட் தோட்டா ஏறத்தாழ 16 கிராம் ஈயக் குண்டை வினாடிக்குச் சுமார் 900 அடி வேகத்தில் செலுத்தியது. இரண்டுமே போருக்காகப் பிறந்தவை. வேட்டையில் முதன்மை ஆயுதம் ரைபிள்தான். நாய்கள் துரத்தி மரமேற்றிய கரடியைச் சில கெஜத் தூரத்தில் சுடும்போதுதான் கைத்துப்பாக்கிக்கு வேலை இருந்தது. புதரும் சரிவும் நிறைந்த காட்டில் நாய்களின் பின்னே ஓடுபவருக்கு இரண்டு கையையும் விட்டுவைக்கும் ஆயுதம் வசதியாயிற்று.

1935: வேகத்தை நம்பிய காலம்

.38 ஸ்பெஷல் தோட்டாவின் உறையை நீட்டி, ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனமும் வின்செஸ்டர் நிறுவனமும் 1935-இல் .357 மேக்னம் தோட்டாவை வெளியிட்டன. ஏறத்தாழ 10 கிராம் குண்டு, நீண்ட குழலில் வினாடிக்கு 1,500 அடி வேகம் என்று அறிவிக்கப்பட்டது. ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்தின் டக்ளஸ் வெஸன் தாமே அதை எடுத்துச் சென்று எல்க், மூஸ் போன்ற பெருவிலங்குகளை வேட்டையாடிக் காட்டினார். கைத்துப்பாக்கியைப் பெருவிலங்கு வேட்டைக்கு உரிய ஆயுதமாக மக்கள் மனத்தில் பதியவைத்தது அவருடைய முயற்சியே. ஆயினும் இலேசான குண்டு தோள் எலும்பில் பட்டால் ஆழம் போகாமல் நிற்கக்கூடும். தேர்ந்த கைகளில் நன்றாக வேலை செய்த .357, மற்றவர் கைகளில் காயம்பட்ட விலங்கை விட்டுவைக்கும் அபாயத்தைச் சுமந்தது.

1955: எடையும் வடிவமும்

அடுத்த திருப்பத்துக்கு வழிவகுத்தவர் ஐடஹோ மாநிலத்தில் வாழ்ந்த வேட்டைக்காரரும் எழுத்தாளருமான எல்மர் கீத். 1920-களில் அவர் மருந்தைக் கூட்டி நிரப்பியதில் பழைய .45 கோல்ட் ஒன்று வெடித்துப் பிளந்தது. தோட்டாக்களைத் தாங்கும் அதே அளவு உருளையில் .44 துளையிட்டால் அறைச் சுவர் தடித்திருக்கும், அழுத்தத்தைத் தாங்கும். எனவே அவர் .44 ஸ்பெஷலுக்கு மாறினார்.

அவர் வடிவமைத்த குண்டைக் கூர்ந்து பார்க்க வேண்டும். எடை 250 கிரெய்ன், அதாவது 16 கிராமுக்குச் சற்று மேல். வெள்ளீயம் கலந்து கெட்டியாக்கிய ஈயம், தட்டையான மூக்கு, அதன் பின்னே கூரான விளிம்புள்ள தோள், அகன்ற பட்டைகள், நடுவே மசகு நிரப்பச் சதுரப் பள்ளம். உருண்டை மூக்குக் குண்டு தசையை விலக்கிக்கொண்டு நழுவும் இடத்தில், தட்டை மூக்கு வெட்டிக்கொண்டு நேராகச் சென்றது. ஆலையில் வினாடிக்குச் சுமார் 750 அடி வேகத்தில் விற்கப்பட்ட .44 ஸ்பெஷலை அவர் 1,200 அடிக்கு உயர்த்தினார்.

கீத் பல ஆண்டுகள் வலியுறுத்தியதன் பயனாக ரெமிங்டனும் ஸ்மித் அண்ட் வெஸனும் .44 மேக்னத்தை உருவாக்கின. 1955 இறுதியில் அது பிறந்தது. பழைய .44 ரிவால்வர்களில் நுழைந்து விபத்து நேராதபடி உறை அரைக்கால் அங்குலம் நீட்டப்பட்டது. 240 கிரெய்ன் குண்டு 1,400 அடிக்கு மேல் வேகம் பெற்றது. மரமேறிய கரடிக்கு மட்டுமன்றி, தரையில் நிற்கும் கரடிக்கும் போதுமான தோட்டா முதன்முறையாகக் கிடைத்தது.

அதன் பின்

1964-இல் .41 மேக்னம் வந்தது. துப்பாக்கி வடிவமைப்பாளர் டிக் கசூல் 1950-களில் தொடங்கிய .454 ஆய்வு, வயோமிங்கின் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் நிறுவனம் 1983-இல் விற்ற ஐந்து அறை ரிவால்வராகக் கனிந்தது. 2003-இல் .500 ஸ்மித் அண்ட் வெஸன் வெளிவந்தது. அதைச் சுடும் ரிவால்வரின் எடை மீண்டும் ஏறத்தாழ 2 கிலோ, அதாவது 1847-இன் சேணத் துப்பாக்கியின் எடை. இப்பெருந்தோட்டாக்கள் பழுப்புக்கரடிக்கும் அதைவிடப் பெரிய விலங்குக்கும் பொருந்துவன. கருங்கரடியிடம் இவற்றின் மிகை ஆற்றல் உடலைக் கடந்து மண்ணில்தான் போய்ப் புதைகிறது. இவற்றின் உதைப்போ சுடுபவரை வெடியோசைக்கு முன்பே கூசவைத்துக் குறியைக் கெடுக்கிறது. 1983-இல் தோன்றிய 10 மி.மீ. ஆட்டோ இன்று காட்டில் தற்காப்புக்காகப் பலரும் சுமப்பது; வேட்டைக்கு .357-இன் வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

முடிவுரை

240 முதல் 300 கிரெய்ன் வரை எடையுள்ள, சிதறாமல் ஆழம் போகும் குண்டுடன் கூடிய .44 மேக்னம் கருங்கரடிக்கு முழுமையாகப் போதும். வலுவான இக்கால ரிவால்வரில் அதே வலிமைக்கு நிரப்பப்பட்ட .45 கோல்ட் அதற்கு இணை. 180 கிரெய்ன் கெட்டிக் குண்டோடு .357, மரமேறிய கரடிக்கும் மிக அருகில் நிற்கும் கரடிக்கும் மட்டுமே ஏற்ற கீழெல்லை. சில மாநிலங்கள் குழல் நீளம், குண்டின் விட்டம், ஆற்றல் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச வரம்பு விதித்துள்ளதால், அவ்வாண்டின் வேட்டை விதிகளைப் படித்தபின்பே தோட்டாவை வாங்க வேண்டும். ஒரு கையகலத் தட்டில் ஒவ்வொரு குண்டும் விழும் தூரம் எதுவோ, அதற்கு அப்பால் நிற்கும் கரடியைச் சுடாமல் விடுவதே வேட்டைக்காரரின் கடமை.