சந்தேகம் பிறந்த பத்தாண்டு

1972 டிசம்பர் 14ஆம் தேதி யூஜீன் செர்னானும் ஹாரிசன் ஷ்மிட்டும் நிலவின் டாரஸ்-லிட்ரோ பள்ளத்தாக்கிலிருந்து கிளம்பினார்கள். 1969 ஜூலையில் நீல் ஆம்ஸ்ட்ராங்கும் எட்வின் ஆல்ட்ரினும் தொடங்கிவைத்த வரிசை அத்துடன் முடிந்தது: ஆறு அப்போலோ பயணங்கள், நிலவில் நடந்தவர்கள் 12 பேர். அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1976இல், பில் கேசிங் என்ற அமெரிக்கர் தம் சொந்தச் செலவில் ஒரு சிறு நூலை அச்சிட்டு வெளியிட்டார். நாம் நிலவுக்குப் போகவே இல்லை, நடந்தது முப்பது பில்லியன் டாலர் மோசடி என்பதே அதன் தலைப்பு சொன்ன செய்தி. கேசிங் இலக்கியம் படித்தவர். அப்போலோவைச் சுமந்த சாட்டர்ன் 5 ராக்கெட்டின் எஞ்சின்களைச் செய்த ராக்கெட்டைன் நிறுவனத்தில், தொழில்நுட்ப ஆவணங்கள் தயாரிக்கும் பிரிவில் வேலை பார்த்து 1963இலேயே விலகியவர். அசையும் கொடி, நட்சத்திரம் தெரியாத வானம், கோணல் நிழல்கள் என்று இன்றைக்கும் சுற்றிவரும் கேள்விகளில் பலவற்றுக்கு அவர் நூலே ஊற்று. ஆனால் அந்தத் தலைப்பில் கொடியும் நிழலும் இடம்பெறவில்லை. மக்கள் வரிப்பணமும் மோசடியும்தான் இடம்பெற்றன. நிலவுப் பயணத்தின் மீதான ஐயம் எங்கே பிறந்தது என்பதற்கு அந்தத் தலைப்பே முதல் சாட்சி. அந்த ஐயம் வானியலிலோ இயற்பியலிலோ பிறக்கவில்லை. ஒரு நாட்டின் குடிமக்கள் தம் அரசின் வாய்ச்சொல்லை நம்புவதை விட்டுவிட்ட ஒரு பத்தாண்டில் பிறந்தது.

அந்தப் பத்தாண்டில் என்னென்ன வெளிவந்தன என்று பார்த்தால் போதும். 1964 ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டாம் முறையும் தாக்கப்பட்டதாகச் சொல்லித்தான் வியட்நாம் போருக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வாங்கப்பட்டது. அந்த இரண்டாம் தாக்குதல் நடக்கவே இல்லை. 1971இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட பென்டகன் ஆவணங்கள், அடுத்தடுத்து வந்த அரசுகள் அந்தப் போரைப் பற்றி மக்களிடம் ஒன்றும் தமக்குள் வேறொன்றுமாகப் பேசியதைக் காட்டின. 1972 ஜூலையில் டஸ்கிகீ விவகாரம் வெடித்தது. அலபாமா மாநிலத்தில் அறுநூறு கறுப்பின ஆண்களை 1932 முதல் ஓர் ஆய்வில் வைத்திருந்த அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, அவர்களில் மேகநோய் கண்டவர்களுக்கு பெனிசிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்திருந்தது. அதே ஆண்டில் நடந்த வாட்டர்கேட் திருட்டு, 1974 ஆகஸ்டில் அதிபர் நிக்சனையே பதவியிலிருந்து இறக்கியது. அரசு பெரும்பாலும் சரியானதைச் செய்யும் என்று நம்பிய அமெரிக்கர்கள் 1964இல் 77 சதவீதம். 1974இன் இறுதியில் 36 சதவீதம். கேசிங்கின் நூல் விழுந்த நிலம் இது. நம் அரசு நம்மிடம் பெரிய பொய்களைச் சொல்லும் என்று அதன் வாசகர் நினைத்ததில் தவறே இல்லை, அரசு சொல்லியிருந்தது. அந்த உண்மையிலிருந்து, ஆகவே இதுவும் பொய்தான் என்ற முடிவுக்கு ஒரே தாவலில் போனதுதான் பிழை.

நம்பிக்கை சரிந்த பிறகே ஐயம் வந்தது என்றால், 1970இலேயே சிலர் நம்பவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்க நாளிதழ்க் குழுமம் ஒன்று அந்த ஆண்டில் நடத்திய கணக்கெடுப்பில், நிலவில் மனிதன் இறங்கியதை நம்பாதவர்கள் கணிசமாக இருந்தார்கள். அவர்கள் எங்கே அதிகம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்: தலைநகர் வாஷிங்டனில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில். அப்போலோ 11 கிளம்புவதற்கு முதல் நாள், மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர் ரால்ஃப் அபர்நாதி ஏழைக் குடும்பங்களையும் கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகளையும் ஏவுதளத்துக்கு அருகே கூட்டிவந்து, பசித்தவர்கள் இருக்கும் நாட்டில் இந்தச் செலவு எதற்கு என்று நாசாவின் தலைவர் தாமஸ் பெய்னிடம் நேருக்கு நேர் கேட்டிருந்தார். அபர்நாதிக்குப் பயணத்தின் மீது சந்தேகம் இல்லை. அது யாருக்கான பயணம் என்பதில்தான் வழக்கு. ஆனால் அரசின் சொல்லுக்கு மதிப்பில்லை என்பதை மற்றவர்கள் 1974இல் கற்றார்கள் என்றால், கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாகவே அறிந்திருந்தார்கள். நம்பிக்கை முதலில் வற்றிய இடத்தில் ஐயம் முதலில் முளைத்தது. ஆகவே 1970இன் கணக்கு இந்த வாதத்தை முறிக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது.

அவநம்பிக்கை மட்டும் போதாது. அது பற்றிக்கொள்ள ஒரு கொழுகொம்பு வேண்டும். அதைத் தொலைக்காட்சி கொடுத்தது. அப்போலோ 11 இறங்கியதை உலகில் ஏறத்தாழ 60 கோடிப் பேர் பார்த்தார்கள் என்பது மதிப்பீடு. அவர்கள் பார்த்தது ஒரு திரையை. அதுவும் மங்கிய திரை. நிலவிலிருந்து வந்த படம் நொடிக்குப் பத்துச் சட்டங்கள் மட்டுமே கொண்ட தனி வகை. வீட்டுப் பெட்டிகள் அதை ஏற்காது. எனவே தரைநிலையங்களில் அதை ஒரு திரையில் ஓடவிட்டு, அந்தத் திரையை இன்னொரு கேமராவால் படம்பிடித்து ஒளிபரப்பினார்கள். ஆம்ஸ்ட்ராங் ஆவிபோல் இறங்கியதற்கு இதுவே காரணம். திரையில் வந்ததை ஓர் அரங்கிலும் செய்யலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. 1971இல் வந்த ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தில் நாயகன் நிலவுத் தளம்போல் அமைத்த ஓர் அரங்குக்குள் புகுந்து ஓடுகிறார். 1978இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த ‘காப்ரிகார்ன் ஒன்’ படத்தில் நாசா செவ்வாய்ப் பயணம் ஒன்றை அரங்கில் நடித்து உலகை ஏமாற்றுகிறது. அதில் காட்டிய விண்கலம் அப்போலோவின் சாயல். 2001 பிப்ரவரியில் ஃபாக்ஸ் தொலைக்காட்சி இந்தச் சந்தேகத்துக்கே ஒரு மணிநேர நிகழ்ச்சி ஒதுக்கி, கேசிங்கையும் அதில் பேசவைத்தது. பற்றாததற்கு, அப்போலோ 11 அனுப்பிய மூல ஒளிபரப்பு நாடாக்கள் அழிக்கப்பட்டு வேறு வேலைக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்று 2009இல் நாசாவே அறிவித்தது. நாடாவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பழையதை அழித்து எழுதுவது அக்கால அலுவலக வழக்கம். ஆனால் வழக்கம்போல் நடந்த அலட்சியமும் திட்டமிட்ட மறைப்பும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தெரியும்.

படங்களின் மீது எழுப்பப்படும் கேள்விகளுக்கு விடை சொல்ல நெடுநேரம் வேண்டியதில்லை. கொடியின் மேல்விளிம்பில் ஒரு குறுக்குத் தண்டு செருகியிருந்தது. அதை முழுவதும் இழுத்து நீட்ட முடியாததால் துணி சுருங்கி அலைபோல் நின்றது. வெயிலில் பளீரிடும் தரைக்கும் வெள்ளை உடைக்கும் ஏற்றபடி கேமராவைத் திருத்தினால் மங்கலான நட்சத்திரம் பதியாது. மேடுபள்ளத்தில் விழும் நிழல் நேராக இருக்காது. ஆனால் இவ்விடைகளைக் கேட்டு மனம் மாறியவர்கள் குறைவு. ஒரு கேள்வி அடைபட்டால் அடுத்த கேள்வி தயாராக நிற்கிறது. ஏனெனில் கேள்விகள் அவநம்பிக்கைக்கு அடித்தளமாக இருந்ததில்லை, மேலே போர்த்திய போர்வையாகத்தான் இருந்தன. 

ரஷ்யாவின் கதை இதை இன்னும் தெளிவாகக் காட்டும். நிலவுப் பயணம் பொய்யென்று நிறுவ 1969இல் உலகிலேயே அதிக ஆவலும் வசதியும் கொண்டிருந்தது சோவியத் ஒன்றியம். அப்போலோ 11 கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே லூனா 15 என்ற ஆளில்லாக் கலத்தை அது அனுப்பியிருந்தது. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இருந்தபோதே, ஜூலை 21ஆம் தேதி, அந்தக் கலம் நிலவில் மோதி நொறுங்கியது. இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் வானொலித் தொலைநோக்கி அதைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தது. தோற்ற வலி அவ்வளவு புதிதாக இருந்தும் மாஸ்கோ ஒரு சந்தேகத்தையும் கிளப்பவில்லை. 1971இல் இரு நாட்டு விஞ்ஞானிகளும் தத்தம் நிலவு மண்ணைச் சிறிதளவு மாற்றிக்கொண்டு சோதித்தார்கள். அதே ரஷ்யாவில், 2018இல் அரசு சார்ந்த நிறுவனம் ஒன்று கருத்துக்கணிப்பு நடத்தியபோது, அமெரிக்கர்கள் நிலவில் இறங்கியதை நம்பாதவர்கள் பாதிக்கும் மேல். இடைப்பட்ட காலத்தில் ஆதாரம் கூடியதே தவிரக் குறையவில்லை. மாறியது இரு நாடுகளின் உறவும், பழைய சோவியத் பெருமை சிதைந்த மனக்காயமும். ஆதாரம் ஏற ஏற ஐயமும் ஏறுகிறது என்றால், இரண்டும் வேறு வேறு காரணங்களால் நகர்கின்றன என்றுதான் பொருள்.

ஆதாரம் என்று சொல்லும்போது அளவறிந்து சொல்ல வேண்டும். அப்போலோ 11, 14, 15 பயணங்களில் வைத்துவிட்டு வந்த கண்ணாடிப் பட்டகங்கள், பூமியிலிருந்து போகும் லேசர் ஒளியை வந்த வழியே இன்றும் திருப்பி அனுப்புகின்றன. நிலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 சென்டிமீட்டர் விலகிப்போவதை அவற்றால்தான் அளக்கிறார்கள். ஆனால் சோவியத் நாடு லூனாகோத் வண்டிகளில் இதே வகைப் பட்டகங்களை ஆளில்லாமலே அனுப்பியது. ஆகவே பட்டகம் மட்டும் மனிதன் போனதற்குச் சான்றாகாது என்று ஐயப்படுபவர் சொன்னால் அது சரிதான். கற்களுக்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது. ஆளில்லாத மூன்று லூனா கலங்கள் 1970 முதல் 1976 வரை கொண்டுவந்த மண் மொத்தம் சுமார் 330 கிராம். 2020இல் சீனாவின் சாங்'ஏ 5 கொண்டுவந்தது 1,731 கிராம். அப்போலோ பயணங்கள் கொண்டுவந்தது 382 கிலோ. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் தேவேந்திர லாலின் குழு உட்படப் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் அவற்றை வாங்கி ஆராய்ந்தன. நிலவுக் கல்லைப் பூமியில் செய்துவிடலாமே என்பவருக்கு நாமக்கல் மாவட்டத்திலேயே விடை இருக்கிறது. சந்திரயான்-2இன் தரையிறங்கு கலத்தைச் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலவு மண்ணைப் போன்ற ஒன்று தேவைப்பட்டது. சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளின் அனார்த்தோசைட் பாறையை இடித்துத் தூளாக்கித்தான் அதைத் தயாரித்தார்கள். நிலவின் மேட்டுநிலத்துப் பாறைக்கு அவ்வளவு நெருங்கிய உறவு அது. சக்கரம் உருட்டிப் பார்க்க அந்த உறவு போதும். ஆய்வுக்கூடத்தை ஏமாற்றப் போதாது. சித்தம்பூண்டிப் பாறைக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. அப்போலோ 15 கொண்டுவந்த வெண்பாறைக்கு 400 கோடிக்கும் மேல். பூமிப் பாறையின் கனிமங்களுக்குள் நீரின் சுவடு இருக்கும். நிலவுக் கல்லில் அது கிட்டத்தட்ட இல்லை. காற்றில்லாத வெளியில் நுண்தூசிகள் மோதிய குழிகள் நிலவுக் கல்லின் முகத்தில் அம்மைத் தழும்புபோல் பதிந்திருக்கும். அவற்றை இங்கே எந்தக் கொல்லரும் அடித்துத் தர முடியாது.

இறங்கிய இடங்களை 2009 முதல் படமெடுத்துவரும் சுற்றுக்கலம் நாசாவுடையதுதானே என்ற மறுப்பும் உண்டு. திருடனிடமே சாவி கேட்பதா என்ற இந்த மறுப்புக்கு மதிப்பளித்தே ஆக வேண்டும். விடை, இந்தியாவின் சந்திரயான்-2 சுற்றுக்கலமும் அப்போலோ இறங்கிய இடத்தைப் படமெடுத்திருக்கிறது என்பது. இன்னொரு கேள்வி அடிக்கடி வருகிறது: அன்றே போனவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஏன் மறுபடி இறங்கவில்லை? 1966இல் அமெரிக்க மத்திய அரசின் செலவில் 4 சதவீதத்துக்கும் மேல் நாசாவுக்குப் போனது. 1975இல் அது ஏறத்தாழ 1 சதவீதமாகச் சுருங்கியது. பந்தயம் முடிந்ததும் குதிரைக்குக் கொள்ளு வைப்பதை நிறுத்திவிட்டார்கள். இது நிலவுக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. கடலின் மிக ஆழமான மரியானா அகழியின் அடியை 1960 ஜனவரியில் ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் தொட்டார்கள். மறுபடி ஒரு மனிதர், திரைப்பட இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன், அங்கே போனது 2012இல். இடையே 52 ஆண்டுகள் எவரும் போகவில்லை என்பதற்காகப் பிக்கார்டைப் பொய்யர் என்று யாரும் சொல்வதில்லை. அவர் பயணத்தில் யாருடைய அரசியல் காயமும் ஒட்டியிருக்கவில்லை.

ஐயத்தைப் பெற்றெடுத்த அதே பத்தாண்டு, அதை எடைபோடும் தராசையும் நமக்குக் கொடுத்திருக்கிறது. அந்த ஆண்டுகளில் அம்பலமான பொய்கள் எப்படி அம்பலமாயின? வியட்நாம் பற்றிய பொய் வெளிவந்தது, பென்டகன் ஆவணங்களைத் தயாரிப்பதில் பங்குகொண்ட டேனியல் எல்ஸ்பெர்க் அவற்றின் ஏழாயிரம் பக்கங்களைப் படியெடுத்து வெளியே கொண்டுவந்ததால். டஸ்கிகீ வெளிவந்தது, சுகாதாரத் துறையிலேயே வேலை பார்த்த பீட்டர் பக்ஸ்டன் மேலிடத்துக்கு எழுதிச் சலித்துப் பத்திரிகையாளரிடம் போனதால். வாட்டர்கேட்டில் அதிபரின் சொந்த ஒலிநாடாக்களே அவரைக் காட்டிக்கொடுத்தன. ஒருவர் கூடப் புகைப்படத்தின் நிழலை அளந்து இவற்றைக் கண்டுபிடிக்கவில்லை. பொய் சொல்லும் அரசும் கோப்பு எழுதும், சம்பளப் பட்டியல் போடும், உத்தரவு அனுப்பும். அந்தத் தாள் ஒருநாள் வெளியே வரும். அப்போலோவில் உழைத்தவர்கள் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர். ஆளுக்கு ஒரு துண்டு வேலைதான் தெரியும், முழுமை தெரியாது என்பார்கள். ஆனால் அரங்கு அமைத்தவர், படம்பிடித்தவர், கல் செய்தவர் என்று சிலருக்காவது முழுமை தெரிந்திருக்க வேண்டும். அவர்களிடமிருந்து இத்தனை ஆண்டுகளில் ஒரு ரசீது, ஓர் உத்தரவு, ஒரு கடிதம் வெளிவரவில்லை. அரசை நம்பாதே என்று அந்தப் பத்தாண்டு சொல்லிக்கொடுத்த பாடம் செல்லும். அந்தப் பாடத்தின் மறுபாதி, பொய்யென்று சொல்லவும் தாள் வேண்டும் என்பது. எல்ஸ்பெர்க் ஏழாயிரம் பக்கம் கொண்டுவந்தார். நிலவை மறுப்பவர்களிடம் இன்னும் ஒரு பக்கம் கூட இல்லை.