நனைந்த நெருப்பில் மிஞ்சிய கடிதங்கள்

பேரரசர் கிளாடியஸின் படை கி.பி. 43இல் பிரிட்டனில் இறங்கிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். நாட்டைப் பிடித்தாயிற்று. பிடித்த மண்ணை விடாமல் காத்து நின்றவர்கள் யார்? என்ன தின்றார்கள், எதை உடுத்தினார்கள்? வெற்றித் தூண்கள் இதைச் சொல்வதில்லை. குப்பையென்று தீயில் வீசப்பட்ட மரச்சில்லுகள் சொல்கின்றன.

இங்கிலாந்தின் வடகோடியில் விண்டோலாண்டா என்றொரு ரோமக் கோட்டை. 1973இல் தொல்லியலாளர் ராபின் பேர்லி அங்கே தோண்டியபோது, ஈரமண்ணுக்குள் இரண்டு மெல்லிய மரத்தகடுகள் ஒட்டிக் கிடந்தன. பிரித்துப் பார்த்தால் உள்ளே மை எழுத்து! அஞ்சலட்டை அளவு, கனம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். காற்றுப் புகாத சேறு அவற்றை 1,900 ஆண்டுகளாகக் காத்து வைத்திருந்தது. பின்னர் நூற்றுக்கணக்கில் கிடைத்தன.

அவற்றில் ஒன்று படைக் கணக்கு. துங்கிரியர் என்ற இனத்தாரின் படைப்பிரிவில் மொத்தம் 752 பேர். கோட்டையில் இருந்தவர்களோ 296 பேர்தான். மற்ற 456 பேரும் வேறு இடங்களில் பணியில் இருந்தார்கள். கோட்டையில் இருந்தவர்களிலும் 15 பேருக்கு நோய், 6 பேருக்குக் காயம், 10 பேருக்குக் கண்வலி. சண்டைக்குத் தேறியவர்கள் 265 பேர். அந்தச் சமயத்தில் காயம்பட்டவர்களைவிடக் கண்வலிக்காரர்களே அதிகம். பேரரசின் எல்லை இத்தனை சிறிய கூட்டத்தின் தோளில்தான் இருந்தது.

இன்னொரு தகட்டில், ஒரு வீரனுக்குக் காலுறைகளும் இரண்டு ஜோடி செருப்பும் இரண்டு உள்ளாடைகளும் அனுப்பிய செய்தி. மாஸ்குலஸ் என்ற குதிரைப்படை அலுவலர், தன் ஆட்களுக்கு பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பி வையுங்கள் என்று தளபதிக்கு எழுதுகிறார். தானியம் வாங்க முன்பணம் கொடுத்துவிட்ட ஒக்டாவியஸ், மீதிப் பணம் வராவிட்டால் கொடுத்ததும் போய்விடும் என்று தவிக்கிறார். பாதைகள் மோசம் என்று வண்டிப் பயணத்தைத் தள்ளிப்போடுகிறார். இன்னொரு தளபதியின் மனைவியான கிளாடியா செவெரா, செப்டம்பர் 11 அன்று தன் பிறந்தநாளுக்கு வரச் சொல்லித் தோழி லெபிடினாவை அழைக்கிறாள். எழுத்தர் எழுதிய அந்தக் கடிதத்தின் அடியில் அவளே தன் கையால் சில வரிகள் சேர்த்திருக்கிறாள். பெண்ணொருத்தி லத்தீனில் எழுதிய கையெழுத்துகளில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழையவற்றுள் அது ஒன்று.

லெபிடினாவின் கணவர் ஃபிளாவியஸ் கெரியாலிஸ், ஒன்பதாம் பட்டாவியப் படைப்பிரிவின் தளபதி. பட்டாவியர் ரோமர் அல்லர். ரைன் ஆற்றின் முகத்துவாரத்தில், இன்றைய நெதர்லாந்தில் வாழ்ந்த இனத்தார். கி.பி. 69இல் ஜூலியஸ் கிவிலிஸ் தலைமையில் ரோமை எதிர்த்துக் கிளர்ந்தவர்கள். அடுத்த ஆண்டே அடக்கப்பட்டவர்கள். முப்பதாண்டுகூட ஆகவில்லை, அதே இனத்து இளைஞர்கள் ரோமுக்காகப் பிரிட்டனில் காவல் நின்றார்கள். இத்தகைய துணைப்படைகளில் 25 ஆண்டுகள் உழைத்தால் ரோமக் குடியுரிமை. அந்த ஆசையும் அவர்களைக் குளிரில் நிற்க வைத்திருக்கலாம்.

இங்கே நெஞ்சைச் சுடும் ஒரு சொல் இருக்கிறது. உள்ளூர் மக்களின் போர்முறையை விவரிக்கும் ஒரு தகடு, அவர்களை ‘பிரிட்டுங்குலி’ என்கிறது. அற்பப் பிரிட்டானியர் என்று பொருள். முந்தின தலைமுறையில் தோற்றவர்கள் நிறைந்த கோட்டையில், இன்று தோற்றவர்களுக்கு இப்படியொரு பெயர். வாளால் ஒரு நாட்டைப் பிடிக்கலாம். தோற்றவனைக் கொண்டே அடுத்தவனை அடக்கும் கலைதான் ரோமைப் பேரரசாக வைத்திருந்தது.

கி.பி. 105 வாக்கில் பட்டாவியருக்கு இடமாற்றம் வந்தது. டான்யூப் பக்கம் பேரரசர் டிராஜன் நடத்திய டேசியப் போருக்காக அவர்கள் அழைக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். கிளம்புமுன் பழைய கடிதங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். முழுதும் எரியுமுன் தீ அணைந்தது. மழை பெய்திருக்க வேண்டும்.

பேரரசர் ஹேட்ரியன் விண்டோலாண்டா அருகே புகழ்பெற்ற மதிலைக் கட்டத் தொடங்கியது கி.பி. 122இல். அதற்கு முன்பே அந்த எல்லையைக் காத்த மனிதர்களின் குரல் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில், அந்தக் கருகிய தகடுகளில் இருக்கிறது.

(தொடரும்)